ஏழு இருமல், ஒரு தொண்டை

“எங்க அத்தாவோட இருமல் எந்த ரகம்னு கண்டுபிடிச்சிட்டாங்க சார்” என்றாள் வஜீஹா.

துப்பறிவாளர் இக்னேஷியஸ் நிமிர்ந்து பார்த்தார். கச்சேரி ரோட்டில் கண்ணாடி ஃபிரேம் கடைக்கு மேலே இருக்கும் அவர் அலுவலகத்துக்கு, காணாமல் போன மாப்பிள்ளைக்காக வந்திருக்கிறார்கள். திருட்டுப் போன ஸ்கூட்டருக்காக வந்திருக்கிறார்கள். இருமலுக்காக யாரும் அந்தக் குறுகலான படியேறி வந்ததில்லை.

“இருமல்ல ரகம் வேற கீதுங்களா?” என்றாள் உதவியாளர் ரூபீனா. “பட்டு, காட்டன், பாலியஸ்டர்னு?”

வஜீஹா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நீல நிற ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“எங்க அத்தா பேரு வலியுல்லா.”

இக்னேஷியஸ் கையிலிருந்த டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டு இரண்டு வருடமாகிறது. மறந்து விட்டதாகவே நினைத்திருந்தார்.

ரூபீனா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “யாரு சார்?”

தன் தந்தையைப் பற்றி வஜீஹாவே சொன்னாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் இக்னேஷியஸுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் மாதம், கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன பிரிவ்யூ தியேட்டர். ஒரு காமெடிப் படத்தைப் பதினொரு பேருக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். நாலே நாளில் படத்தின் முழு ஒலியும் ஃபோன் ஃபோனாகப் பரவிவிட்டது. வசனம், பாட்டு, கடைசிக் காட்சியில் வைத்திருந்த ரகசியம், எல்லாம். யாரோ தியேட்டருக்குள் உட்கார்ந்தே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவில் ஏழு இடத்தில் ஒரு இருமல் கேட்டது. மிகப் பக்கத்தில் கேட்டது.

பிரிவ்யூவுக்குக் காவல் பொறுப்பை ஏற்றிருந்தவர் இக்னேஷியஸ். யார் கசிய விட்டது என்று கண்டுபிடிக்கும் வேலையும் அவரிடமே வந்தது. இவ்வளவு பக்கத்தில் கேட்கிறதென்றால் இருமியவர்தான் பதிவு செய்தவர் என்றார். அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்களில் ஓயாமல் இருமுகிறவர் வலியுல்லா. படத்துக்கு ஒலிக்கலவை செய்தவர்.

“புரொட்யூசர் ஆபீஸ்ல எல்லாரையும் உட்கார வெச்சு, ‘எங்க, இருமிக் காட்டுங்க’ன்னு சொன்னீங்களாமே சார்?” என்றாள் வஜீஹா. “அத்தா இருமினாராம். ‘இன்னொரு தடவை’ன்னீங்களாம். திரும்ப இருமினாராம்.”

ரூபீனா இக்னேஷியஸைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா” என்றார் அவர். “சொன்னேன்.”

“அதுக்கப்புறம் எந்த ஸ்டூடியோவும் கூப்பிடலை. முப்பது வருஷ வேலை. இப்ப வீட்ல உட்கார்ந்து மைக் செட் ரிப்பேர் பண்ணிட்டிருக்காரு. போன மாசம் நான்தான் லஸ் பக்கத்துல ஒரு டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். அவங்க இருமல்காரங்களை ரகம் ரகமாப் பிரிக்கிறாங்க. நான் நடந்ததைச் சொன்னதும், ‘அந்தத் துப்பறிவாளரை ஒரு தடவை வந்து என்னைப் பார்க்கச் சொல்லு’ன்னாங்க. அத்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, அவரைப் பத்தி உங்ககிட்ட என்ன வேணா சொல்லலாம்னு.”

அவள் எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“அவரு வர மாட்டேன்னுட்டாரு. உங்களைப் பார்த்தா இருமல் வந்துடும்னு பயப்படுறாரு சார்.”

*

டாக்டர் ஷண்முகப்ரியாவின் கிளினிக்கில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஆளுக்கொரு சுருதியில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

“மார்கழி சீசன் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு போல” என்று முணுமுணுத்தாள் ரூபீனா.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மேஜையில் நாலு நிறத்தில் ஃபைல்கள் அடுக்கியிருந்தன. இக்னேஷியஸ் உட்காருமுன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“எட்டு வாரத்துக்கு மேல நிக்காத இருமல்தான் என்கிட்ட வரும். வர்றவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க, ‘இருமல் டாக்டர்’னு. அதை மட்டும் வெச்சு எல்லாருக்கும் ஒரே சிரப்பைக் குடுத்தா ஒருத்தருக்கும் கேக்காது. ஆள் வேற, காரணம் வேற.”

“சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிப்பீங்களா டாக்டர்?”

“சத்தத்தை நான் பெருசா எடுத்துக்கவே மாட்டேன்.”

இக்னேஷியஸ் தொண்டையைச் செருமினார்.

“எப்ப வருதுன்னு கேப்பேன். எதுக்கப்புறம் வருதுன்னு கேப்பேன். குளிர் காத்து பட்டா வருதா? அது மூச்சுக்குழாய் சுருங்குற ரகம், ஆஸ்துமா பக்கம். நீல ஃபைல். சாப்பிட்டதும், குனிஞ்சதும், படுத்ததும் வருதா? வயித்து அமிலம் மேல ஏறுது. மஞ்சள். பிபிக்குன்னு ஒரு வகை மாத்திரை உண்டு, சிலருக்கு அதுவே வறட்டு இருமலைக் குடுக்கும். மாத்திரையை மாத்தினா சில வாரத்துல போயிடும். சிவப்பு. ஒண்ணுமே இல்லாம, பேசினா, சிரிச்சா, அத்தர் வாசனை பட்டா வருதா? தொண்டை நரம்பு ரொம்ப உஷாரா இருக்கு. அது வெள்ளை. சில பேருக்கு ரெண்டு மூணு காரணம் சேர்ந்தே இருக்கும். அப்ப எனக்கே குழப்பம்தான்.”

“வலியுல்லா?”

“சுத்தமான நீலம். ஊதிப் பார்க்கிற டெஸ்ட் பண்ணிட்டேன். ஏசி ரூம்ல பத்து நிமிஷம் உட்கார வெச்சா, அப்புறம் அரை மணி நேரம் நிறுத்த மாட்டாரு. அந்த தியேட்டர்ல ஏசி உண்டா?”

“பல்லு கிட்டும்” என்றார் இக்னேஷியஸ்.

“படம் எவ்வளவு நேரம்?”

“ரெண்டே கால் மணி நேரம்.”

“எத்தனை இருமல்?”

“ஏழு.”

டாக்டர் அவர்கள் கொண்டு வந்த நீல ஃபைலை மூடினார். “இவரு உள்ள உட்கார்ந்திருந்தா எழுபது.”

இக்னேஷியஸுக்குக் காது மடல் சுட்டது. ‘ஏசி எனக்கு ஆகாது சார், நான் ஆபரேட்டர் ரூம்லதான் நின்னுட்டிருந்தேன்’ என்று வலியுல்லா அன்றைக்கே சொன்னார். சாக்குச் சொல்கிறார் என்று இவர்தான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சாக்கு என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டார்.

“நான் அவரை இருமிக் காட்டச் சொன்னேன் டாக்டர்.”

“கேள்விப்பட்டேன். சொன்னா யார் வேணா இருமிக் காட்டலாம். நீங்ககூட.” டாக்டர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “உங்களுக்கும் தொண்டையில ஏதோ இருக்கு போலிருக்கே? வந்ததுலேருந்து செருமிட்டே இருக்கீங்க.”

“எனக்கா? ஒண்ணுமில்ல. பழக்கம்.”

*

அலுவலகம் திரும்பியதும் இக்னேஷியஸ் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பென் டிரைவை எடுத்தார். ரூபீனா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இருமல் வரும் ஒவ்வொரு இடத்தையும், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதையும் எழுதச் சொன்னார்.

“எப்ப வருது, எதுக்கப்புறம் வருது. டாக்டர் கேக்குறதைத்தான் நாமளும் கேக்கணும்.”

“இதை ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருக்கலாம் சார்.”

“தெரியும்.”

முதல் இருமல் பதினாலாவது நிமிடம். காமெடி நடிகர் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறார், தியேட்டரே சிரிக்கிறது, பக்கத்தில் ஒருவர் ‘ஹஹ்’ என்று சிரிக்கிறார், உடனே இருமல். இரண்டாவது, மாமியார் காட்சி. சிரிப்பு, இருமல். மூன்றாவதும் அப்படியே. சோகக் காட்சிகளில் ஒன்றுகூட இல்லை.

“வெள்ளை ஃபைல்!” என்று மேஜையைத் தட்டினார் இக்னேஷியஸ். “சிரிச்சா வர்ற ரகம்! இன்னொண்ணு பாரு ரூபீனா. வலியுல்லா அந்தப் படத்துக்கு ரெண்டு மாசமா ஒலி சேர்த்தவர். ஒவ்வொரு ஜோக்கையும் அறுபது தடவை கேட்டிருப்பார். அந்த ஆள் தொட்டியில விழறதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வருமா? இவன் முதல் தடவை பார்க்கிறவன்.”

ரூபீனா ஏழாவது இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சார், அன்னிக்கு யார் யார் எங்க உட்கார்ந்தாங்க? படம் போட்டுக் குடுங்க.”

அவர் வரைந்தார். முன்வரிசையில் டைரக்டரும் அவர் ஆட்களும். நடுவில் விநியோகஸ்தர்கள். அதற்குப் பின்னால் சப்டைட்டில் எழுதுகிறவர்கள். அப்படியே பதினொரு பேர். “எல்லார் ஃபோனையும் வாசல்லயே வாங்கி மஞ்சப் பையில போட்டுட்டேன். யாரோ ரெண்டாவது ஃபோன் மறைச்சு வெச்சிருக்காங்க.”

“நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“கடைசி வரிசை. கதவோரம். எல்லாரையும் பார்க்கணும்ல?”

ரூபீனா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று மாலை வரை அவள் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. இக்னேஷியஸ் அதைக் கவனிக்கவில்லை.

*

அப்போது எடுத்த குறிப்புகளின்படி, வலியுல்லாவைத் தவிர இருமுகிறவர்கள் இரண்டே பேர். முதல் ஆள் விநியோகஸ்தர் ராகேஷ். தி. நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில், பாத்திரக் கடை மாடியில் அவர் அலுவலகம்.

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று படியேறும்போது கேட்டார் இக்னேஷியஸ்.

“சிரிக்க வெக்கணும். அவ்வளோதான். அந்த டிபார்ட்மெண்டை என்கிட்ட விடுங்க.”

ராகேஷ் மதியச் சாப்பாட்டை அப்போதுதான் முடித்திருந்தார். மார்வாடிக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சென்னை.

“அந்தப் பழைய மேட்டரா? அதான் ஆளைப் புடிச்சிட்டீங்களே சார்?”

“தப்பான ஆளைப் புடிச்சிட்டேனோன்னு சந்தேகம்” என்றார் இக்னேஷியஸ்.

ரூபீனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “சார், எங்க ஹம்மாத் மாமாவுக்கும் இருமல்தான். டாக்டர்கிட்ட போனாரு. ‘இருமல் தூங்க விடுதா?’ன்னு கேட்டாரு டாக்டர். மாமா சொல்றாரு, ‘எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல டாக்டர், நான் நல்லா தூங்கிடுறேன். வூட்ல இருக்கறவங்கதான் விடிய விடிய முழிச்சிக்கினு கீறாங்கோ. மாத்திரையை அவுங்க பேருக்கு எழுதிக் குடுங்க!’”

ராகேஷ் வெடித்துச் சிரித்தார். நாற்காலி குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

ஒரு இருமல்கூட இல்லை.

“என் வொய்ஃப் இதையேதான் சொல்வா” என்றவர், கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தார். குனிந்ததுதான் தாமதம், இருமல் பிடித்துக்கொண்டது. முகம் சிவக்க ஒரு நிமிடம் இருமினார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

“வயித்துல ஆசிட் சார். சாப்பிட்டுட்டுக் குனியவே கூடாதுன்னு டாக்டர் ஆர்டர். ஷூ லேஸ்கூட பையன்தான் கட்டி விடுறான்.”

தெருவுக்கு வந்ததும் ரூபீனா சொன்னாள், “மஞ்சள்.”

*

இரண்டாவது ஆள் பிரிஸில்லா. ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவர். சாந்தோமில், கடலுக்குப் போகும் சந்தில் வீடு. இக்னேஷியஸும் அதே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதால் கதவைத் திறந்ததுமே, “வாங்க பிரதர், ஞாயித்துக்கிழமை கண்ணுலயே படுறதில்லையே?” என்றார்.

இக்னேஷியஸ் அசடு வழிந்தார். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு எட்டு மாதமாகிறது. ஏன் போகவில்லை என்று அவரையே கேட்டால் வேலை என்று சொல்லியிருப்பார்.

ரூபீனாவுக்கு ஹம்மாத் மாமாவை மறுபடி அழைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

“இருமலா? அது போய் ஒண்ணரை வருஷமாச்சே” என்றார் பிரிஸில்லா. “பிபி மாத்திரை செஞ்ச வேலை அது. வேற மாத்திரை எழுதினாங்க, சரியாப் போச்சு.”

“எப்பலேருந்து அந்த மாத்திரை சாப்பிட்டீங்க?”

“அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. பக்கத்து வீட்டுல குடுத்த முறுக்கைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க விசாரணைக்கு வந்தப்ப லொக்கு லொக்குன்னுட்டிருந்தேன்.”

பிரிவ்யூ நடந்தது ஆகஸ்ட். அன்றைக்கு இந்த அம்மாவுக்கு இருமலே இல்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது ரூபீனா, “சிவப்பு” என்றாள். அதை விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

*

கடற்கரை மணலை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. நாலு மணி வெயில். மீன் வலைகளை உலர்த்தியிருந்தார்கள். இக்னேஷியஸ் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினார்.

“எங்கயோ விட்டுட்டேன். மத்த ஒன்பது பேரையும் அப்பவே அலசிட்டேன். ஒருத்தருக்கும் இருமல் கிடையாது. லிஸ்ட்ல பதினொரு பேர்தான்.”

ரூபீனா செருப்பில் ஏறிய மணலைத் தட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், கீழ ஃபிரேம் கடைக்காரரு காலைல என்னைப் புடிச்சுக்கினாரு. ‘மேல மாடியிலேருந்து எவனோ வெத்தலையைப் போட்டு எங்க போர்டு மேல துப்பறான். உங்க சாரு துப்பறிவாளர்தானே, யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லு’ன்னாரு. நான் சொன்னேன், ‘அண்ணே, எங்க சாரு அறியற வேலையை மட்டும்தான் பார்ப்பாரு. துப்புற டிபார்ட்மெண்டு பக்கத்து ரூம் எல்ஐசி ஏஜெண்டு. ரெண்டு பேரும் சேர்ந்தாதான் துப்பறியும் நிலையம்!’”

இக்னேஷியஸ் ‘ஹஹ்’ என்று சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சிரிப்பு தொண்டையில் இடறியது. இருமல் வந்தது. மூன்று குறுகிய இருமல், கடைசியில் ஒரு செருமல்.

ரூபீனா சிரிக்கவில்லை. அவள் கையில் ஃபோன் இருந்தது. அதைத் தட்டினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தியேட்டர் சிரித்தது. பக்கத்தில் ஒருவர் ‘ஹஹ்’ என்றார். மூன்று குறுகிய இருமல். கடைசியில் ஒரு செருமல்.

வலையருகே ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மறுபடி படுத்தது.

“அன்னிக்கு தியேட்டர்ல இருந்தது பதினொரு பேர் இல்ல சார்” என்றாள் ரூபீனா. “கடைசி வரிசையில, கதவோரம், இன்னொருத்தர் கீறாரு. அவரும் அந்தப் படத்தை முதல் தடவைதான் பார்த்தாரு. அவர் ஒருத்தர்கிட்டதான் ஃபோன் இருந்தது.”

இக்னேஷியஸ் வாயைத் திறந்தார். மறுப்பதற்கு ஒரு சொல் தேடினார். கிடைத்தது வேறு.

“சட்டைப் பையில வெச்சிருந்தேன்” என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இருட்டில் யாராவது கிசுகிசுத்தால் சாட்சியாக இருக்கட்டும் என்று ஃபோனில் ரெக்கார்டரை ஓட விட்டார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். படம் முடிந்து, ஆளாளுக்கு ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில், நிறுத்தினாரே தவிர அழிக்கவில்லை. மறுநாள் பாண்டி பஜாரில் ஃபோன் கீழே விழுந்து திரை உடைந்தது. பிளாட்பாரத்து ரிப்பேர் கடையில் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு வந்தார். ஃபோனைத் திறக்க விரலால் இழுக்கும் பேட்டர்னை ஒரு சீட்டில் வரைந்தும் கொடுத்தார்.

“திரும்பி வந்தப்ப ஃபோன்ல இடமே இல்லைன்னு காட்டுச்சு” என்றார். “பார்த்தா ஒரு பெரிய ஃபைல். கேக்காமலே அழிச்சேன். அதுக்கு அடுத்த நாள்தான் கசிஞ்ச சேதி வந்தது. அந்தக் கடையில எவனோ அதை காப்பி எடுத்திருக்கான்.”

“அப்ப உங்களுக்குத் தோணலையா சார்?”

அவர் குறிப்பேட்டை மூடினார்.

“ஒரு நிமிஷம் தோணிச்சு. ராத்திரி பல்லு விளக்கும்போது. அந்த நினைப்பை நான் முடிக்க விடலை. வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, போய்ப் படுத்துட்டேன். காலைல எழுந்து வேற ஒருத்தனைத் தேட ஆரம்பிச்சேன். ரொம்ப மும்முரமாத் தேடினேன் ரூபீனா. மூணே மாசத்துல ஆள் கிடைச்சிட்டான்னு பெருமைப்பட்டேன்.”

“நான் நேத்தே கேட்டுட்டேன் சார்” என்றாள் அவள். “தினம் உங்களைச் சிரிக்க வெக்கிறவ நான்தான். அந்த இருமல் எனக்குத் தெரியாதா? ஆனா ராகேஷா இருக்கணும், இல்ல அந்த அம்மாவா இருக்கணும்னு வேண்டிக்கினே வந்தேன்.”

*

திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்புறச் சந்து. மறுநாள் மாலை, அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடியில் வலியுல்லாவின் வீடு. ரூபீனா கீழேயே நின்றுவிட்டாள்.

கதவைத் திறந்த வஜீஹா அவர் முகத்தைப் பார்த்ததும் வழி விட்டாள்.

அறை முழுக்க ஆம்பிளிஃபயர்கள், ஒயர்கள். ஃபேன் ஓடவில்லை. தரையில் பாய் விரித்து, ஒரு பழைய மைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வலியுல்லா உட்கார்ந்திருந்தார். நரைத்த குறுந்தாடி. இக்னேஷியஸைப் பார்த்ததும் கை அனிச்சையாக மார்புக்குப் போனது.

இக்னேஷியஸ் எதிரே தரையில் உட்கார்ந்தார். வழியில் ஒத்திகை பார்த்து வந்த முன்னுரை எதுவும் வரவில்லை.

“அது என்னோட இருமல்” என்றார். “என்னோட ஃபோன். உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

எல்லாவற்றையும் சொன்னார். ரிப்பேர் கடை, அழித்த ஃபைல், பல் விளக்கிய இரவு வரை. வலியுல்லா ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“ஃபோன் எங்க இருந்தது?” என்று கேட்டார் கடைசியில்.

“சட்டைப் பையில.”

“காட்டன் சட்டை. கஞ்சி போட்டது.”

இக்னேஷியஸ் திகைத்தார். “ஆமா.”

“துணி உரசுற சத்தம் அந்த ரெக்கார்டிங் பூரா இருந்துச்சு சார். மூச்சு வாங்குற சத்தமும் மேல இருந்துதான் வருது. அன்னிக்கு நீங்க அதைப் போட்டுக் காட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, இது ஒரு ஆம்பளையோட சட்டைப் பையிலேருந்து எடுத்ததுன்னு. நான் போட்டிருந்தது ஜிப்பா. மேல பையே கிடையாது.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க இருமச் சொன்னீங்க.”

இக்னேஷியஸால் தலையைத் தூக்க முடியவில்லை. சென்னையிலேயே அந்தப் பதிவைக் கேட்டுப் பதில் சொல்லியிருக்கக் கூடிய ஒரே மனிதர் அன்றைக்கு அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

“என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்க வரலை” என்றார். “கேக்குற யோக்கியதை இல்ல. எழுதிக் கொண்டு வந்திருக்கேன். நாளைக்குக் காலைல புரொட்யூசர்கிட்ட ஒண்ணு, உங்க சங்கத்துல ஒண்ணு, போலீஸ்ல ஒண்ணு. கடையை மூட வேண்டி வரும். பரவாயில்லை. குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும்.”

மூன்று பக்கம், கையால் எழுதியது. ரூபீனாவை டைப் அடிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

வலியுல்லா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். நிதானமாகப் படித்தார். வஜீஹா அவர் தோளுக்குப் பின்னால் நின்று தானும் படித்தாள். அவள் கண் கலங்கியது. அவர் கலங்கவில்லை.

“இது தப்பு” என்றார், முதல் பக்கத்தில் விரலை வைத்து.

“எது?”

“‘ஒலிப்பதிவு உதவியாளர் வலியுல்லா’ன்னு போட்டிருக்கீங்க. இருபத்தெட்டு வருஷம் உதவியாளர்தான். யார் யாருக்கோ பின்னாடி உட்கார்ந்து வேலை பார்த்தேன். இந்தப் படத்துல நான் உதவியாளர் இல்ல. ஒலிக்கலவை, வலியுல்லா. தனி கார்டு. டைட்டில்ல முதல் தடவையா என் பேரு தனியா வந்தது. நீங்க பார்த்த அன்னிக்கு அது இருந்துச்சு. ரிலீஸ்ல எடுத்துட்டாங்க.”

இக்னேஷியஸுக்கு ஞாபகமில்லை. அன்றைக்குத் திரையில் ஓடிய பெயர்களில் ஒன்றையும் அவர் படிக்கவில்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடிச்சுத் திருத்திடுறேன்” என்று பேனாவை எடுத்தார்.

“அடிச்சுத் திருத்தினா நாளைக்கு யாராவது கேப்பாங்க, முதல்ல வேற என்ன இருந்துச்சுன்னு.” வலியுல்லா தாள்களைத் திருப்பி நீட்டினார். “வஜீஹா, அந்த நோட்டுலேருந்து நாலு பேப்பர் கிழிச்சுக் குடும்மா.”

கோடு போட்ட தாள்கள் வந்தன. இக்னேஷியஸ் ஆம்பிளிஃபயர் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மேஜையாக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ‘மயிலாப்பூர், கச்சேரி ரோட்டில் தொழில் செய்யும் இக்னேஷியஸ் ஆகிய நான்’ என்று எழுதினார். வலியுல்லா கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தலைகீழாகவே ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டு வந்தார்.

‘எல்லோர் முன்னிலையிலும்’ என்ற இடம் வந்ததும் இக்னேஷியஸின் பேனா நின்றது. முதலில் எழுதியிருந்த தாளில், ‘அவரை விசாரித்தேன்’ என்று போட்டுக் கடந்துவிட்டிருந்தார்.

“நான் உங்களை இருமச் சொன்னேன்னு போடணும், இல்லையா?” என்றார்.

வலியுல்லா தலையசைத்தார்.

“எத்தனை தடவைன்னும் போடுங்க” என்றார்.